வணிகப் பட்டத்தின் விலை: திருகோணமலைத் துறைமுக மாவட்டத்தில் ஒரு கல்வியின் வரலாறு

திருகோணமலை மாவட்டத்தில் வணிகக் கல்வி வளர்ந்த கதையைக் கட்டணப் பட்டியலிலிருந்து தொடங்குபவருக்கு எழுதுவதற்கு அதிகம் இராது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த பின், இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரியாகப் பயிலும் மாணவர், அதாவது முழுநேரமாக அனுமதி பெற்று விரிவுரைகளுக்குச் செல்லும் மாணவர், இளமாணிப் பட்டத்துக்குக் கற்பித்தல் கட்டணம் செலுத்துவதில்லை. ஆயினும் இம்மாவட்டத்துக் குடும்பங்கள் வணிகவியல், முகாமைத்துவம், கணக்கியல் ஆகிய பட்டங்களுக்குக் கொடுத்துவந்த விலை சிறிதன்று. வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் இருந்த தூரமும், அனுமதிக்கும் பட்டத்துக்கும் வேலைக்கும் காத்திருந்த ஆண்டுகளும், உயர்தரம் வரை தாய்மொழியில் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் பரீட்சை எழுதப் பட்ட பாடுமே அந்த விலை. பட்டம் பெற்றவர் அடைந்த பயனை அவருடைய பெறுபேறு மட்டும் தீர்மானிக்கவில்லை. துறைமுகத்தை அந்தந்தக் காலத்தில் ஆண்டவர் யார், வேலை கொடுத்தவர் யார் என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது.

பிரித்தானியர் 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றியது முதல் 1957இல் கடற்படைத் தளத்தைக் கையளித்தது வரை, இத்துறைமுகம் வணிகத் துறைமுகமாக வளர்வதற்கு முன்னரே போர்த் துறைமுகமாக உறுதிப்பட்டுவிட்டது. கொழும்பில் தேயிலை ஏற்றுமதியையும் வங்கியையும் காப்புறுதியையும் சுற்றி ஒரு வணிக வகுப்பு உருவான காலத்தில், திருகோணமலையில் எண்ணும் எழுத்தும் அறிந்தவருக்கு வேலை கொடுத்த பெரிய முதலாளி கடற்படைத் தளமே. அங்கு வேண்டப்பட்டவர்கள் பண்டசாலை இருப்புக் கணக்கையும் சம்பளப் பட்டியலையும் தவறின்றி எழுதும் எழுதுவினைஞர்கள். இலாப நட்டக் கணக்குப் போட்டு முதலீடு பற்றி முடிவெடுப்பவர்களுக்கு அங்கே இடமில்லை. 1867இல் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரியும், பின்னர் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்புக்கு வந்து சுவாமி விபுலானந்தரின் தலைமையையும் கண்ட இந்துக் கல்லூரியும் கொடுத்த ஆங்கிலக் கல்வி, இந்த எழுதுவினைஞர் வாழ்வுக்கும் ஆசிரியத் தொழிலுக்கும் பிள்ளைகளை ஆயத்தம் செய்தது. வணிகத்தைக் கற்பித்தவை கடைகள். கடை வீதியிலும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் ஆகிய ஊர்களின் நெல், மீன், விறகு வியாபாரத்திலும், தகப்பனின் அல்லது மாமனின் கடையில் நின்று நிறுத்தலும் கொள்முதலும் கடன்கொப்பி எழுதுதலும் பழகிய இளைஞர் ஒருவர், எந்தச் சான்றிதழும் இன்றி வியாபாரியானார். எழுதுவினைஞர் கல்வியும் கடைக் கல்வியும் ஒன்றையொன்று தொடாமல் பல தலைமுறைகள் அருகருகே நடந்தன. பிற்காலத்து வணிகப் பட்டத்தின் பல சிக்கல்கள் இந்தப் பிளவிலிருந்தே வந்தன என்று கொள்ள இடமுண்டு.

வணிகத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்கும் எண்ணம் உலகில் மிகப் பழையதன்று. அமெரிக்காவில் வார்ட்டன் பள்ளி 1881இலும், இங்கிலாந்தில் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் வணிக பீடம் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும், பம்பாயில் சிடனம் கல்லூரி 1913இலும் தோன்றின. இலங்கையில் 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் எழுந்தபோது, அங்கு மதிப்புப் பெற்றவை கலையும் விஞ்ஞானமும் மருத்துவமும் சட்டமுமே. கணக்கியல் கற்க விரும்பியவர் கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் பயிலுநராகச் சேர்ந்து தொழில்சார் பரீட்சை எழுதவேண்டியிருந்தது. 1959இல் பட்டயக் கணக்காளர் நிறுவகம் சட்டத்தால் அமைக்கப்பட்ட பின்னரும் அந்தப் பயிற்சி இடங்கள் கொழும்பிலேயே குவிந்திருந்தன. கொழும்பில் தங்கிப் படிக்கவைக்க வசதியுள்ள திருகோணமலைக் குடும்பங்கள் சிலவே. முகாமைத்துவம் 1960களில் வித்தியோதயப் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பட்டப் படிப்பாக வேரூன்றியபோதும், அதன் பயன் இத்துறைமுகத்தை உடனே வந்தடையவில்லை.

1956இன் சிங்களம் மட்டும் சட்டமும் 1957இன் கடற்படை வெளியேற்றமும் அடுத்தடுத்து வந்தன. முன்னது அரச எழுதுவினைஞர் பதவிக்கான பாதையைத் தமிழ் பேசுவோருக்கு ஒடுக்கியது. பின்னது ஊரின் மிகப் பெரிய முதலாளியை எடுத்துச் சென்றது. அந்த வெற்றிடத்தைக் கூட்டுத்தாபனங்கள், அதாவது அரசே நடத்தும் தொழில் நிறுவனங்கள், ஓரளவு நிரப்பின. புல்மோட்டையில் கனிய மணலும் கந்தளாயில் சீனி ஆலையும் அவ்வகையின. 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் 1980இல் பிரிமா மாவு ஆலையும், அடுத்த சில ஆண்டுகளில் டோக்கியோ சீமெந்து ஆலையும் குடாவைச் சுற்றி இயங்கத் தொடங்கின. பெரிய ஆலைகள் இருந்தும் அவற்றைச் சூழ்ந்து சிறு வழங்குநர்களும் தரகர்களும் கப்பல் முகவர்களும் நிறைந்த ஒரு வணிகச் சமூகம் வளரவில்லை. 1983க்குப் பின் வந்த போர் அதற்கு இடம் கொடுக்கவுமில்லை. இதனால் முகாமைத்துவப் பட்டதாரி ஒருவர் தன் ஊர்த் துறைமுகத்தில் தேடக்கூடிய பதவிகள், துறைமுகத்தின் அளவோடு ஒப்பிடுகையில், வியக்கத்தக்க அளவு குறைவாகவே இருந்தன.

இக்காலத்தில் மாவட்டத்தின் வணிக மாணவருக்குக் கிடைத்த பெரிய உதவி பணமாக வரவில்லை. அனுமதி விதியாக வந்தது. 1970களில் தரப்படுத்தலோடு, அதாவது மொழிவாரியாகப் புள்ளிகளைச் சமன்செய்த முறையோடு, தொடங்கிப் பல திருத்தங்களுக்கு உள்ளான பல்கலைக்கழக அனுமதி முறை, இறுதியில் 40 வீத இடங்களை அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதத்தை மாவட்டச் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 வீதத்தைக் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரும் வடிவத்தை எடுத்தது. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் திருகோணமலையும் ஒன்று. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு கற்கைநெறிக்குத் தெரிவான கடைசி மாணவரின் புள்ளியே வெட்டுப்புள்ளி எனப்படுகிறது. அது கொழும்புக்கும் திருகோணமலைக்கும் ஒன்றாக இருப்பதில்லை. தரப்படுத்தல் யாழ்ப்பாணத்து இளைஞரிடையே எழுப்பிய கசப்பு நாட்டின் வரலாற்றையே மாற்றியது, அந்தக் கசப்புக்குக் காரணமும் இருந்தது. ஆனால் மாவட்ட ஒதுக்கீடு மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் படித்த தமிழ், முஸ்லிம் மாணவருக்கும், கந்தளாயில் படித்த சிங்கள மாணவருக்கும் பல்கலைக்கழக வாசலைத் திறந்தது என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். விஞ்ஞான ஆய்வுகூடமோ கணித ஆசிரியரோ இல்லாத பாடசாலைகளில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் என்னும் மூன்று உயர்தரப் பாடங்களை ஒரு கரும்பலகையும் ஓர் ஆசிரியரும் இருந்தாலே நடத்த முடிந்தது; ஒதுக்கீட்டின் பயனை வர்த்தகப் பிரிவு எடுத்துக்கொள்ள அதுவே வழி செய்தது.

வாசல் திறந்தாலும் அது தொலைவில் இருந்தது. 1974இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வந்தாறுமூலையும் தமிழ் பேசும் மாணவருக்கு இயல்பான தெரிவுகளாயின. வரைபடத்தில் மட்டக்களப்பு அண்மையில் இருக்கிறது. ஆனால் கடற்கரைப் பாதையில் கிண்ணியா முதல் காயங்கேணி வரை ஆறும் களப்பும் குறுக்கிட்ட இடங்களைப் படகுப் பாதைகளில் கடக்கவேண்டியிருந்ததால், ஹபரணை, பொலன்னறுவை வழியாகச் சுற்றிச் செல்வதே பலருக்கு வழக்கமாயிற்று. 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் படையினரால் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டனர். அத்தகைய காலத்தில் பட்டம் ஒன்றின் செலவைக் கணக்கிட்ட பெற்றோர், சோதனைச் சாவடிகளையும் கைதுகளையும் தங்கள் கணக்கின் முதல் வரியில் வைத்தனர். 2006 சனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டது, ஊரில் இருப்பதும் பாதுகாப்பு அன்று என்பதை அவர்களுக்கு உணர்த்தியது.

1990களின் தொடக்கத்தில் அரசாங்கம் பல மாகாணங்களில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகளை அமைத்தது. முழுப் பட்டத்துக்குப் பதிலாகத் தொழில் சார்ந்த குறுகிய டிப்ளோமாக்களை அந்தந்தப் பிரதேசத்திலேயே வழங்குவது அவற்றின் நோக்கம். 1993இல் திருகோணமலைக்கும் அத்தகைய கல்லூரி ஒன்று கிடைத்தது. கணக்கியலும் நிதியும் அதன் முதற் பாடங்களில் இருந்தன. 2001இல் அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமாக உயர்த்தப்பட்டது. நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் உள்ள இவ்வளாகத்தின் தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடமே மாவட்டத்துக்குள் உள்ளூர் வாசலோடு அமைந்த முதல் வணிகப் பட்டக் கல்வி எனலாம். அது பிறந்த சில ஆண்டுகளிலேயே 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை நிலாவெளிக் கரையைத் தாக்கியது. 2006இல் மூதூரைச் சுற்றி நடந்த சண்டையில் மக்கள் கூட்டமாக இடம்பெயர்ந்தனர். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது, படகுப் பாதைக்காகக் கரையில் நின்ற காத்திருப்பு முடிந்தது. வளாகத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் கட்டடங்களைப் பட்டியலிடுவது வழக்கம். மூதூர், கிண்ணியாப் பிள்ளைகளுக்குப் பட்டத்தின் விலையைக் குறைத்ததில் 396 மீற்றர் நீளமான அந்தப் பாலத்துக்கு எந்த விரிவுரை மண்டபத்துக்கும் குறையாத பங்கு உண்டு.

உள்ளூரில் வளாகம் அமைந்ததால் உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லோரும் அங்கே படிக்கலாயினர் என்று எண்ணிவிடக் கூடாது. உயர்தரப் பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை விரித்து, கற்கைநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப வரிசையில் நிரப்பும் மாணவர், முதலில் எழுதுவது பெரும்பாலும் கொழும்பையும் ஸ்ரீ ஜயவர்தனபுரவையும்தான். அங்கு பட்டத்தோடு கொழும்பு நிறுவனங்களின் அறிமுகமும் கிடைக்கும் என்பது எல்லோரும் அறிந்தது. கோணேசபுரிக்கு வருவோரில் தீவின் பிற மாவட்டத்தவரும் இருக்க, திருகோணமலை மாணவர் சிலர் வேறெங்கோ விடுதி தேடுகின்றனர். கற்பித்தல் ஆங்கிலத்தில் நடப்பதால், பெறுமானத்தேய்வையும் பரீட்சை மீதியையும் தமிழில் பிழையின்றிச் செய்து உயர்தரத்தில் சிறப்புச் சித்தி பெற்ற மாணவர், முதலாம் ஆண்டில் அதே கணக்கைப் புதிதாகக் கற்பவர்போல் தடுமாறுகிறார். அந்த ஓராண்டில் அவர் ஆங்கில வகுப்புக்குக் கொடுக்கும் பணமும் இழக்கும் புள்ளிகளும் இலவசக் கல்வியின் கணக்கில் எங்கும் பதியப்படுவதில்லை.

பணச் செலவை நெருங்கிப் பார்த்தால் அதன் உருவம் தெளிவாகும். வீட்டிலிருந்து சென்றுவரும் மாணவருக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சலுகைப் பருவச்சீட்டும் மதியச் சோற்றுப் பார்சலும் நிழற்பிரதிக் காசும்தான் அன்றாடச் செலவு. கொழும்பில் அறை எடுத்துத் தங்குபவருக்கு வாடகையே மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். 1981இன் சட்டத்தால் லலித் அத்துலத்முதலி தோற்றுவித்த மகாபொல நிதியம், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் திறமைச் சித்தி பெற்றவருக்கும் மாத உதவித்தொகை வழங்குகிறது. நெடுங்காலம் 5,000 ரூபாயாக நின்ற அத்தொகை, 2022இன் பொருளாதார நெருக்கடியில் விலைகள் ஏறிய பின்னரும் அப்படியே இருந்து, 2025 வரவு செலவுத் திட்டத்திலேயே 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வீட்டில் இருந்து படிப்பவருக்கு அது உண்மையான கைகொடுப்பு. கொழும்பில் அறை வாடகை கட்டுபவருக்கு அது அரைகுறை. ஒரே உதவித்தொகை இருவருக்கும் ஒரே பெறுமதி உடையதன்று என்பதால், ஒரு பட்டத்தை மலிவானது என்று சொல்லுமுன் மாணவர் எங்கே உறங்குகிறார் என்று கேட்டாகவேண்டும்.

பணத்தைவிடப் பெரிய செலவு காலம். உயர்தரம் எழுதியவர் பல்கலைக்கழகத்தில் காலடி வைக்க ஓராண்டுக்கு மேலும் காத்திருப்பது வழமை. நான்காண்டுப் பட்டம் நான்காண்டில் முடிவது அரிது. 2012இல் விரிவுரையாளர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கக் கோரி மூன்று மாதங்கள் நடத்திய வேலைநிறுத்தம், 2020இன் பெருந்தொற்று, 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு, 2024இன் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் என ஒவ்வொன்றும் மாணவரின் வயதில் சில மாதங்களை எடுத்துக்கொண்டது. பத்தொன்பது வயதில் கடையில் நின்ற அயல்வீட்டு இளைஞர் சொந்தக் கடை வைத்துவிடும் காலத்தில், பட்டம் தேடியவர் இறுதியாண்டுப் பரீட்சைத் திகதிக்காகக் காத்திருக்கிறார்.

இதனால்தான் மாற்று வழிகளின் வரலாறும் சேர்த்துப் பார்க்கத்தக்கது. 1995இன் சட்டத்தால் அமைந்த உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம், திருகோணமலையிலும் கிளை கொண்டு, உயர் தேசியக் கணக்கியல் டிப்ளோமாவை நடத்துகிறது. வெட்டுப்புள்ளியைத் தவறவிட்ட வர்த்தக மாணவர் வீட்டிலிருந்தே படிக்கக்கூடிய இந்த நெறியில், பயிற்சிக் காலத்தோடு சேர்த்து நான்காண்டுகள் செல்கின்றன. படிப்பின் உள்ளடக்கம் வணிகவியல் பட்டத்துக்கு அருகில் இருந்தும், அது பட்டத்துக்குச் சமமா என்ற வினா தீராமல் நீண்டது. 2015 ஒக்டோபரில் கொழும்பில் அந்தச் சமநிலையைக் கோரி ஊர்வலம் சென்ற டிப்ளோமா மாணவரைப் பொலிசார் தடியடி நடத்திக் கலைத்தனர். அந்தக் கோரிக்கைக்குக் காரணம் உண்டு: சமம் என்ற ஒரு சொல், அரச ஆட்சேர்ப்பில் விண்ணப்பிக்கும் தகுதியையும் சம்பளத் தரத்தையும் தீர்மானிக்கிறது. 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவப் பட்டமும், பல்கலைக்கழகங்களின் வெளிவாரிப் பட்டங்களும், அதாவது விரிவுரைக்குச் செல்லாது பதிவுசெய்து பரீட்சை எழுதிப் பெறும் பட்டங்களும், கட்டணம் கேட்பவை. ஆனால் வேலை பார்த்துக்கொண்டே படிக்க விடுபவை. வங்கி உதவியாளரோ பாடசாலை ஆசிரியரோ அத்தகைய பட்டத்தைப் பெறும்போது, கட்டணம் செலுத்தியும் அவரது இழப்பு இலவசப் பட்டதாரியின் இழப்பைவிடக் குறைவாக இருப்பது உண்டு. தனியார் நிறுவனங்களின் பட்டங்களுக்கு 2017 முதல் அரசு வட்டியில்லாக் கடன் வழங்குகிறது. கடன் வட்டியற்றது என்றாலும், அந்நிறுவனங்கள் பெரும்பாலும் கொழும்பைச் சுற்றியே இருப்பதால் தங்குமிடச் செலவு மீண்டும் வந்து நிற்கிறது. வருமானத்தை மட்டும் நோக்கினால் பட்டயக் கணக்காளர் தகுதியே எல்லாவற்றிலும் மேலானது. ஆனால் அதன் உயர்நிலைகள் ஆங்கிலத்தையும் பயிற்சி நிறுவனம் ஒன்றில் இடத்தையும் கேட்கின்றன. இம்மாவட்டத்தில் இரண்டும் அரிதானவை.

பயன் என்று வரும்போது, திருகோணமலைக் குடும்பங்கள் வணிகப் பட்டத்தை நெடுங்காலம் அரச வேலைக்கான சான்றாகவே கண்டன என்பதை மறைப்பதில் பொருளில்லை. அது அறியாமையன்று, ஊரின் பொருளாதாரத்தை அவர்கள் சரியாகவே வாசித்திருந்தனர். 1988இல் வடக்கு கிழக்கு மாகாண சபையும், 2007இன் பிரிப்புக்குப் பின் கிழக்கு மாகாண நிர்வாகமும் இந்நகரில் அமைந்ததால், ஊரில் மிக அதிகமாகக் கண்ணில் பட்டவை திணைக்களங்களும் செயலகங்களுமே. 2017இல் கிழக்கின் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் மாதக்கணக்கில் வீதியோரம் அமர்ந்து போராடியபோது, அவர்கள் கேட்டது அரச நியமனம். 2020இல் அரசாங்கம் பட்டதாரிகளையும் டிப்ளோமாதாரர்களையும் 20,000 ரூபாய் மாதக் கொடுப்பனவில் பயிலுநர்களாக நாடெங்கும் எடுத்தபோது, பலரது காத்திருப்பு ஏதோ ஒரு பிரதேச செயலகத்தின் மேசையில் முடிந்தது. நிதி முகாமைத்துவம் படித்தவர் அங்கே கிராமத்துத் தகவல் படிவங்களை நிரப்புவது அவருக்கும் நாட்டுக்கும் நட்டமே. எனினும் வெளியூரில் தங்கி வேலைபார்க்கக் குடும்பம் அனுமதிக்காத பெண் பட்டதாரிக்கு, ஓய்வூதியத்தோடு கூடிய அந்த மேசை பெரிய விடுதலையாக அமைந்ததும் உண்மை. அரச பல்கலைக்கழகங்களில் பெண்களே பெரும்பான்மையாகிவிட்ட காலத்தில், பயனைச் சம்பளத்தால் மட்டும் அளப்பவர் இந்தப் பகுதியைக் காணத் தவறுகிறார்.

போருக்குப் பின் வங்கிக் கிளைகளும் குத்தகை நிறுவனங்களும் நுண்கடன் நிறுவனங்களும் கிழக்கில் விரைந்து பெருகியபோது, வணிகப் பட்டதாரிக்குத் தனியார் துறையில் முதன்முறையாக ஒரு பரவலான வரவேற்புக் கிடைத்தது. ஆனால் அவற்றில் பல பதவிகள் மோட்டார் சைக்கிளில் ஊரூராகச் சென்று கடன் தவணை வசூலிப்பவையாக இருந்தன. நிலாவெளி, உப்புவெளிக் கரைகளின் விடுதிகள் கோணேசபுரி வளாகத்தின் வாசலிலேயே எழுந்தும், அவை பருவகாலத்து வேலையையே அதிகம் கொடுத்தன. சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 எண்ணெய்க் குதங்களில் 61 குதங்களை இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐ.ஓ.சி.யும் கூட்டாக மேம்படுத்த 2022 சனவரியில் உடன்பட்டன. பண்டசாலை முகாமைத்துவம், கப்பல் ஆவணம், எரிபொருள் விலை ஒப்பந்தம் போன்ற அறிவை ஊருக்குள் கேட்கக்கூடிய முயற்சி அது. முகாமைத்துவ மாணவர் இறுதியாண்டில் செய்யவேண்டிய உள்ளகப் பயிற்சிக்கு இன்று கொழும்பில் அறை தேடும் நிலையில், குடாவைச் சுற்றியுள்ள ஆலைகளும் குதங்களும் துறைமுக அதிகாரசபையும் ஆண்டுதோறும் குறிப்பிட்ட தொகைப் பயிற்சி இடங்களைக் கோணேசபுரி மாணவருக்கும் டிப்ளோமா மாணவருக்கும் ஒதுக்கிவைத்தால், மகாபொலவின் அடுத்த உயர்வைவிட அதிகமாக அவர்களது செலவு குறையும்; அந்த இடங்களில் பழகியவர்களுள் சிலரேனும் அங்கேயே வேலைக்கு அமரவும் வழி பிறக்கும்.